ரிசீவர் வாங்கும் முன் ஹாலைப் பாருங்கள்

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என்னிடம் இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும்: "அண்ணே, ஹோம் தியேட்டருக்கு எந்த ரிசீவர் எடுக்கலாம்?" ரிசீவர் என்றால் படத்தின் ஒலியை வாங்கி, பலமாக்கி, எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புகிற பெட்டி. கேட்கிறவர் கைப்பேசியில் ஒரு படம் காட்டுவார், ஷாப்பியிலோ லாசாடாவிலோ பார்த்தது, பெட்டி மேல் 1,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், விலையும் ஆசை காட்டும். நான் அதைப் பார்க்காமல், உங்கள் ஹால் எத்தனை அடி, சோபா எங்கே கிடக்கிறது, மேலே சிலிங் பலகையா சிமெண்டா என்று கேட்க ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். ரிசீவர் கேட்க வந்தால் இவன் வீட்டுப் பிளான் கேட்கிறானே என்று நினைப்பார்கள் போல. ஆனால் கொடுக்கிற காசுக்குத் தகுந்த ரிசீவர் வேண்டுமென்றால் அங்கேதான் தொடங்க வேண்டும். ஹால், ஸ்பீக்கர், டிவி, இந்த மூன்றும் முடிவான பிறகு கடைசியில் ரிசீவரை எடுங்கள். அப்படி எடுத்தால் நீங்கள் முதலில் நினைத்திருந்த விலையைவிடக் குறைவான ஒன்றே போதும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான் கடைக்காரன் இல்லை, யாருக்கும் கமிஷன் ஏஜெண்டும் இல்லை. சின்ன வயதில் மாமாவோடு தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் போடப் போய், பெட்டி தூக்கி, ஒயர் இழுத்து, அதிலிருந்து பிடித்த கிறுக்கு இது. இருபது வருடத்தில் நிறைய வாங்கி, சிலதைக் கெடுத்து, சிலதை நஷ்டத்துக்கு விற்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வாட் என்கிற மாயம்

மாமாவிடம் இருந்தது 30 வாட் ஆம்பிளிஃபயர் ஒன்றும் குழாய் ஸ்பீக்கர் இரண்டும்தான். கோயில் மரத்தில் கட்டிவிட்டால், விடியற்காலைப் பாட்டு செம்பனைக்கு அந்தப் பக்கம் இருக்கிற லயத்தில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும். இன்றைக்கு 1,000 வாட் பெட்டி வாங்கினவர் வீட்டில் அடுப்படியில் நிற்கிற மனைவிக்கு வசனம் புரிவதில்லை. வித்தியாசம் ஸ்பீக்கரில் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் பக்கம் கத்தும். வீட்டில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 85 முதல் 90 டெசிபல்தான் கொடுக்கும். இதை ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்பார்கள், ஸ்பீக்கர் பின்னாலோ அதன் தாளிலோ எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை.

இப்போது கணக்கு. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்டை இரண்டு மடங்காக்க வேண்டும். அதாவது 85 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் போடுகிற சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே போட்டுவிடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு. அதனால் 80 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு டெசிபல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று சொல்ல முடியாது. அந்த ஒரு டெசிபலுக்கு ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

நம் தாமான் (குடியிருப்பு) வீட்டு ஹால் பெரும்பாலும் பத்துக்கு இருபதடி, பன்னிரண்டுக்கு இருபதடி, அவ்வளவுதான். டிவியிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது, சாதாரணமாக ஓடுகிற படத்துக்கு ஒவ்வொரு ஸ்பீக்கரும் கேட்பது ஒன்று இரண்டு வாட்தான். வெடி, இடி, சண்டைக் காட்சியில் மட்டும் ஒரு நொடிக்குப் பல மடங்கு எகிறும், அதற்குத்தான் மிச்ச வாட். நேர்மையான 60, 80 வாட் இருந்தால் இந்த அளவு ஹாலுக்கு மிச்சமே விழும்.

நேர்மையான என்று சொன்னேன் இல்லையா, அது முக்கியம். ஒரு ரிசீவர் "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதச் சிதைவு, 2 சேனல் ஓடும்போது 80 வாட்" என்று எழுதியிருந்தால் அது நம்பக்கூடிய எண். (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவு, சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்கு ஒலி போகிற வழி.) இன்னொன்று "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, 1 சேனல் மட்டும், 150 வாட்" என்று எழுதியிருக்கும். ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, ஒரே சுருதியில், ஒலி கிழிகிற வரைக்கும் முறுக்கி எடுத்த எண் அது. இரண்டும் ஒரே பலமுள்ள பெட்டியாகக்கூட இருக்கலாம். எதுவுமே எழுதாமல் வெறும் 1,000 வாட் என்று இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இன்னொரு சுலபமான வழி, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மின்சாரச் செலவு எத்தனை வாட் என்று ஒட்டியிருக்கும். முன்னால் ஏழு சேனலுக்கு 150 வாட், ஆக 1,050 என்று பீற்றிக்கொள்கிற பெட்டி, பின்னால் 430 வாட் என்று ஒப்புக்கொண்டிருக்கும். அது உச்சச் செலவு இல்லைதான், இருந்தாலும் சுவரிலிருந்து உள்ளே வராத மின்சாரம் ஸ்பீக்கருக்கு எங்கிருந்து போகும்? அப்புறம், தூக்கிப் பாருங்கள். பழைய பாணி ஆம்பிளிஃபயரில் கனம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும்தான். தொடக்க நிலை ரிசீவர்கள் எட்டு, ஒன்பது கிலோ இருக்கும், மேல்படி மாடல்கள் பன்னிரண்டைத் தாண்டும். ஆயிரம் வாட் என்று சொல்லிக்கொண்டு இரண்டு கிலோவில் வருகிற பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கும்போதே விஷயம் புரிந்துவிடும். (டி வகை ஆம்பிளிஃபயர்கள் கனமில்லாமலே நல்ல பலம் தரும், அது வேறு, ஆனால் வழக்கமான ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் அது இன்னும் குறைவு.)

ஓம் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த குட்டி ஸ்பீக்கர்கள் பல வீட்டில் கிடக்கும், அதையே புது ரிசீவரில் மாட்டிவிடலாமே என்று என் மச்சானும் கேட்டார். பின்னால் பாருங்கள், 3 ஓம், 4 ஓம் என்று இருக்கும். சாதாரண ரிசீவர்கள் 6 அல்லது 8 ஓமுக்குச் செய்தவை. ஓம் குறையக் குறைய ரிசீவரிலிருந்து கரண்டை அதிகமாக உறிஞ்சும், சூடேறும், கொஞ்சம் சத்தம் வைத்தாலே தானாக அணைந்துபோகும். அந்தக் குட்டி ஸ்பீக்கர்களை விட்டுவிடுங்கள்.

எத்தனை ஸ்பீக்கர்

5.1 என்றால் சுற்றி ஐந்து ஸ்பீக்கர், கூட அடி ஒலிக்கு ஒரு சப்வூஃபர். 5.1.2 என்றால் அதோடு மேலே இரண்டு, அட்மோஸுக்கு, அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற டால்பி முறைக்கு. டால்பி அட்மோஸ் சினிமா அரங்குக்கு 2012-இல் வந்தது, வீட்டு ரிசீவர்களுக்கு 2014-இல் இறங்கியது. 5.1.2 ஓட ஏழு சேனல் ரிசீவர் வேண்டும், ஐந்து சேனல் போதாது.

ஆனால் உங்களுக்கு அது தேவையா? நம் ஊர்ப் பழைய பலகை வீடுகளில் சிலிங்கே கிடையாது, நேராகத் தகரக் கூரைதான், அதுவும் சரிவாக இருக்கும். முன் ஸ்பீக்கர் மேலே வைத்து ஒலியைச் சிலிங்கில் அடித்துத் திருப்புகிற அட்மோஸ் ஸ்பீக்கர்கள், எட்டிலிருந்து பன்னிரண்டடி உயரத்தில் தட்டையான, கெட்டியான சிலிங் இருந்தால்தான் வேலை செய்யும். சரிவான கூரையில் பட்டால் ஒலி எங்கேயோ போய்விடும். அதுபோக மாலை மழை பிடித்துவிட்டால் தகரக் கூரையே மேலிருந்து எல்லாச் சேனலும் கொடுத்துவிடும், டால்பி தேவைப்படாது.

நான் சொல்வது, முதலில் முன்பக்கம் மூன்று ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் எடுங்கள். அந்த மூன்றில் நடு ஸ்பீக்கர்தான் உயிர். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. "பாட்டு காதைக் கிழிக்கிறது, பேச்சு கேட்கவில்லை" என்று புலம்புகிற வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், நடு ஸ்பீக்கரை டிவி அலமாரிக்குள் பூச்சாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள், இல்லை நடு ஸ்பீக்கரே இல்லாமல், இருப்பதாக ரிசீவரில் செட் செய்திருப்பார்கள். இல்லையென்றால் மெனுவில் போய் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள், வசனம் இடது வலது இரண்டுக்கும் பிரிந்து போய்விடும். பின் ஸ்பீக்கர்களை அடுத்த வருடம் வாங்கலாம். ஐந்து மட்டமான ஸ்பீக்கரைவிட மூன்று நல்ல ஸ்பீக்கர் எவ்வளவோ மேல்.

மொத்தம் 3,000 வெள்ளி இருக்கிறது என்றால் நான் ரிசீவருக்கு ஆயிரத்தைத் தாண்டமாட்டேன். முன் மூன்று ஸ்பீக்கருக்கு ஆயிரத்துச் சொச்சம், சப்வூஃபருக்கு எழுநூறு பக்கம், மிச்சம் ஒயருக்கும் சில்லறைக்கும். ஒயர் என்றதும் தங்க முலாம், ஆக்ஸிஜன் இல்லாத செம்பு என்று கதை விடுவார்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் முறுக்குச் செம்பு ஒயர் முன்பக்கத்துக்குப் போதும், பின் ஸ்பீக்கருக்கு ஐம்பதடி இழுக்க வேண்டியிருந்தால் 2.5 எடுங்கள். செம்பாக இருக்கிறதா என்று மட்டும் சுரண்டிப் பாருங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசி விற்பதும் இருக்கிறது.

டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவில்

விலை ஏறுவதற்கு வாட்டுக்கு அடுத்த காரணம் எச்டிஎம்ஐ, படமும் ஒலியும் ஒரே ஒயரில் போகிற இணைப்பு. ஒவ்வொரு வருடமும் புது மாடல் வருவது பெரும்பாலும் இதற்காகத்தான், உள்ளே இருக்கிற ஆம்பிளிஃபயர் பல வருடமாக ஏறக்குறைய அதேதான். 4கே, 8கே, கேமுக்கு 4கே 120 (நொடிக்கு 120 படம்), எல்லாவற்றையும் ரிசீவர் வழியாக டிவிக்கு அனுப்ப வேண்டுமென்றால் புது எச்டிஎம்ஐ வேண்டும். ரிசீவர் வழியாக ஏன் அனுப்ப வேண்டும்?

எல்லாவற்றையும் நேராக டிவியில் மாட்டிவிடுங்கள். ஆஸ்ட்ரோ (சாட்டிலைட் டிவி) டிகோடர், பிளேஸ்டேஷன், ஆண்ட்ராய்டு பெட்டி, எல்லாம் டிவிக்கு. டிவியிலிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ ஒயர் ரிசீவருக்கு, டிவியில் ஆர்க் என்று எழுதியிருக்கிற துளையிலிருந்து, ரிசீவரில் டிவிக்குப் போகிற அவுட் துளைக்கு. படம் டிவியோடு நின்றுவிடும், ஒலி மட்டும் அந்த ஒயர் வழியாகத் திரும்பி ரிசீவருக்கு வரும். இந்த ஆர்க் வசதி 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இலேயே இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அனுப்புகிற அட்மோஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவத்தில் வருவது. அதுகூட சாதாரண ஆர்க்கில் போய்விடும், டிவியும் ரிசீவரும் அந்த வடிவத்தைப் புரிந்துகொண்டால் போதும். (நெட்ஃபிளிக்ஸில் அட்மோஸ் கிடைப்பது பிரீமியம் திட்டத்தில் மட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) புளூரே தட்டிலிருந்து வருகிற, தரம் குறையாமல் சுருக்கிய ட்ரூஎச்டி ஒலிக்குத்தான் இ-ஆர்க் வேண்டும், அது 2017-இல் அறிவித்த எச்டிஎம்ஐ 2.1-ஓடு வந்தது. எங்கள் ஊரில் புளூரே தட்டு வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2020-இல் புது எச்டிஎம்ஐ 2.1 என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் ஏமாந்த கதையும் உண்டு. சில பெரிய பிராண்டுகளின் அந்த வருட ரிசீவர்களில் இருந்த எச்டிஎம்ஐ சிப்பில் கோளாறு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலிருந்து 4கே 120 அனுப்பினால் திரை கறுத்துப்போனது. நேராக டிவியில் மாட்டினவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை.

இந்த முறையில் மூன்று சிக்கல் வரும், மூன்றுக்கும் பயப்பட வேண்டாம். ஒலியே வரவில்லை என்றால், டிவி மெனுவில் சிஇசி என்ற வசதி, மாட்டிய பெட்டிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதற்கானது, அணைந்திருக்கும். சாம்சங்கில் அதற்குப் பெயர் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதைப் போட்டுவிட்டு, ரிசீவர் மெனுவிலும் ஆர்க்கை ஆன் செய்யுங்கள். டிவி ரிமோட்டிலேயே ரிசீவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது இதில் கிடைக்கிற போனஸ், வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒன்றே போதும். இரண்டாவது, உதடு முன்னால் போய் வசனம் பின்னால் வந்தால் டிவியிலோ ரிசீவரிலோ ஒலித் தாமத செட்டிங் இருக்கும், அதில் சரிசெய்யலாம். மூன்றாவது, பென்டிரைவில் படம் பார்க்கிறவர்களுக்கு: அண்மைக் காலத்து டிவிகள் சிலவற்றில் டிடிஎஸ் (டால்பி போல இன்னொரு ஒலி வடிவம்) ஒலிக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள், படம் ஓடும், சத்தம் வராது. அதற்கு டிவி வாங்கும்போதே பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பென்டிரைவ் போடுகிற பெட்டியை மட்டும் ரிசீவரில் மாட்ட வேண்டும்.

ஆர்க் இல்லாத ரொம்பப் பழைய ரிசீவர் என்றால் ஆப்டிக்கல் ஒயர் இருக்கிறது. டால்பி டிஜிட்டல் 5.1 வரை போகும், அட்மோஸ் போகாது.

பழையது எடுப்பது

இதை எல்லாம் சொன்னதே இங்கே வந்து சேரத்தான். படத்தை டிவி பார்த்துக்கொள்ளும் என்று ஆகிவிட்டால், 2011, 2013-இல் நான்காயிரம் ஐயாயிரம் வெள்ளி விலை போட்டிருந்த மேல்படி டெனான், யமஹா, ஓன்கியோ, மராண்ட்ஸ் ரிசீவர்கள் உங்களுக்குப் பழசாகத் தெரியாது. 4கே தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக ஆட்கள் அதை முடா, காரோசெல் என்கிற ஆன்லைன் சந்தைகளில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் ஆம்பிளிஃபயரும் இன்றைய தொடக்க மாடலைவிடக் கெட்டி. இப்போது என் ஹாலில் ஓடுவது அப்படி ஒன்றுதான், ஈப்போவில் ஒருவர் வீட்டில் 650 வெள்ளிக்கு எடுத்தது, தூக்கி மோட்டாரில் வைத்துக் கொண்டுவர முடியாமல் தம்பியின் காருக்குக் காத்திருந்தேன். அட்மோஸ்தான் வேண்டும் என்றால் 2015-க்குப் பிந்தைய மாடலாகப் பாருங்கள், விலை கொஞ்சம் ஏறும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். முதலில் பின்பக்கத் தகட்டில் வோல்ட் என்ன என்று படியுங்கள். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வருகிற பழைய சாமான்களில் அருமையான ரிசீவர்கள் இருக்கும், எல்லாம் 100 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட். எனக்கு இது தெரிய ஒரு பாடம் தேவைப்பட்டது. ஒரு பழைய சாமான் கடையில் பளபளவென்று ஒரு ஜப்பான் ரிசீவர், 300 வெள்ளி, கடைக்காரர் பிளக்கை மட்டும் மூன்று முள்ளுக்கு மாற்றி வைத்திருந்தார், அதைப் பார்த்து நம் ஊருக்குத் தோதானதுதான் என்று நம்பிவிட்டேன். வீட்டில் மாட்டினதும் "டப்" என்று ஒரு சத்தம், ஃபியூஸ் போயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். நான் புத்திசாலி, புது ஃபியூஸ் போட்டு மறுபடி மாட்டினேன். இரண்டாவது தடவை புகை வந்தது. அந்த வாசனை இரண்டு நாள் ஹாலை விட்டுப் போகவில்லை, அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தார்.

ஜப்பான் செட் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், ரிசீவரின் பின்பக்கம் எழுதியிருக்கிற வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக. அந்த விலையையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள், லாபமே இருக்காது பல நேரம். ரேடியோவும் கிடைக்காது, ஜப்பான் எஃப்எம் 76-இலிருந்து 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான், பழைய செட்டுகளில் 90-ஓடு நின்றுவிடும், அதற்கு மேலே இருக்கிற நம் நிலையங்கள் எதுவும் பிடிக்காது.

பார்க்கப் போகும்போது ஒரு சின்ன ஸ்பீக்கர், இரண்டு முழம் ஒயர், ஒரு எச்டிஎம்ஐ ஒயர், கையில் கொண்டுபோங்கள். விற்கிறவர் "எல்லாம் நல்லா ஓடுது" என்றால் சிரித்துக்கொண்டே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆன் செய்த சில வினாடியில் உள்ளே "டிக்" என்று ரிலே விழும் சத்தம் கேட்க வேண்டும். விழாமலோ, விழுந்து விழுந்து எழுந்தாலோ, திரையில் புரொடெக்ட் (கோளாறு கண்டு தானாக அணைவது) என்று வந்தாலோ நகர்ந்துவிடுங்கள். பாட்டு எதுவும் போடாமல் சத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள், லேசான "ஸ்ஸ்" பரவாயில்லை, "ம்ம்ம்" என்று உறுமினால் கப்பாசிட்டர் களைத்துவிட்டது. மெனுவில் டெஸ்ட் டோன் இருக்கும், அதை ஓடவிட்டு ஸ்பீக்கரை ஒவ்வொரு சேனலாக மாற்றி மாற்றிக் கேளுங்கள், சிரமம்தான், ஆனால் ஒரு சேனல் செத்திருந்தால் இப்போதே தெரிந்துவிடும். எச்டிஎம்ஐ துளைகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பழைய ரிசீவரில் முதலில் சாகிற பாகம் அதுதான், குறிப்பாக டிவிக்குப் போகிற அவுட். அரை மணி நேரம் ஓடவிட்டு அதற்குப் பிறகு காசைக் கொடுங்கள். சூடானதும் அணைகிற ரிசீவர்கள் பத்து நிமிடம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

ரிமோட் தொலைந்திருந்தால் பரவாயில்லை. ஹாலில் ஒலியை அளவெடுக்க ரிசீவரோடு வருகிற மைக் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், அது அந்தந்த பிராண்டுக்கு ஏற்றபடி செய்தது, வேறு மைக்கை மாட்டினால் அளவு தப்பும்.

புதுசுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு: உள்ளூர் ஏஜெண்டு வாரண்டியா, ஏபி செட்டா (ஏஜெண்டு வழி வராமல் வேறு ஆள் நேராக இறக்கியது) என்று முதலிலேயே கேளுங்கள். ஏபி செட் இருநூறு முந்நூறு குறைவாக வரும், ரிப்பேர் என்றால் விற்ற கடைதான் கதி, அந்தக் கடை அடுத்த வருடம் அங்கே இருக்க வேண்டுமே. போன வருட மாடலைக் கேளுங்கள், புது மாடல் வந்ததும் விலை இறங்கும், நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. மாதத் தவணையில் எடுப்பவர்கள் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மின்னல், சூடு, பல்லி

உலகிலேயே இடி மின்னல் அதிகமாக விழுகிற நாடுகளில் நம்முடையதும் ஒன்று, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பேராக் வானத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பலர் மழை வந்ததும் சுவிட்சை மட்டும் அணைக்கிறார்கள். மின்னல் ஆஸ்ட்ரோ தட்டின் ஒயர் வழியாகவும் வரும். தட்டிலிருந்து டிகோடர், டிகோடரிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவி, டிவியிலிருந்து ரிசீவர். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் இப்படி ஒரே அடியில் மூன்றும் போனது, பிளக் எல்லாம் கழற்றித்தான் இருந்தது, தட்டு ஒயர் மட்டும் மாட்டியிருந்தது. அதனால் பிளக்கோடு அந்தத் தட்டு ஒயரையும் டிகோடரிலிருந்து கழற்றிவிடுங்கள், ரவுட்டரிலிருந்து வருகிற ஒயரையும்தான். சர்ஜ் புரொடெக்டர் வைப்பது நல்லது, ஆனால் எர்த் இல்லாத வீட்டில் அது பெரும்பாலும் அலங்காரம். பழைய லயத்து வீடுகளில் முதலில் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சப்வூஃபரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் எர்த் முள்ளை வெட்டிவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஆஸ்ட்ரோ தட்டு ஒயரைக் கழற்றிப் பாருங்கள், இரைச்சல் நின்றால் காரணம் அங்கேதான்.

நம் வெயிலில் ரிசீவரைக் கண்ணாடிக் கதவு அலமாரிக்குள் அடைத்து வைத்தால் வெந்துவிடும். மேலே நான்கைந்து அங்குலம் காலியாக விடுங்கள், அதன் மேல் டிகோடரை வைக்காதீர்கள், துணி விரித்துச் சாமி படம் வைக்கவே வைக்காதீர்கள். இளஞ்சூடு பிடித்துப் பல்லியும் எறும்பும் மேல் ஓட்டை வழியாக உள்ளே குடிபோகும், பல்லி போர்டில் குறுக்கே விழுந்தால் கதை முடிந்தது. ஓட்டையை அடைக்கவும் முடியாது. அலமாரியைச் சுவரை விட்டுத் தள்ளிவைத்துக் கால்களைச் சுத்தமாக வைத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒயரை மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு இழைகூட அடுத்த முனையைத் தொடக் கூடாது, தொட்டால் புரொடெக்ட்.

பிறகு மைக்கை மாட்டி அளவெடுங்கள். டெனானிலும் மராண்ட்ஸிலும் ஆடிசி, யமஹாவில் வைபாவ், ஓன்கியோவின் அண்மை மேல்படி மாடல்களில் டிராக், பெயர் வேறு, வேலை ஒன்று: ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சத்தம் விட்டு, தூரம், அளவு, அறையின் எதிரொலி எல்லாவற்றையும் கணக்கிட்டுத் திருத்தும். இரண்டு ரிசீவருக்கு நடுவில் எதை எடுப்பது என்று தடுமாறினால், வாட்டைப் பார்க்காமல் இந்தத் திருத்தும் வசதி எதில் மேல்படியாக இருக்கிறது என்று பாருங்கள். ஆடிசியிலேயே படிகள் உண்டு, எக்ஸ்டி32 என்று போட்டிருந்தால் உயர்ந்தது, சப்வூஃபரின் அடி ஒலியை அது திருத்துகிற விதமே தனி. நம் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்குப் பிறந்தவை, அதனால் வெளிநாட்டுக்காரனைவிட நமக்குத்தான் இது அதிகம் தேவை. கம்பளம் ஒன்றும் கனமான திரைச்சீலையும் போட்டால் பாதி வேலை அதிலேயே முடியும்.

மைக்கைச் சோபா மேல் படுக்கவைக்காதீர்கள். உட்கார்ந்தால் காது எந்த உயரமோ அந்த உயரத்தில், கேமரா ஸ்டாண்டிலோ, இல்லாவிட்டால் துடைப்பக் கட்டையில் கட்டியோ நிறுத்துங்கள். ஃபேனை அணையுங்கள். பகலில் செய்தால் சேவல், மோட்டார், ரொட்டிக்காரர் ஹாரன் எல்லாம் கணக்கில் சேரும், பதினொரு மணிக்கு மேல் உட்காருங்கள், அந்த "விர்ர்ர்" சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு. முடிந்ததும் மெனுவில் போய், ஸ்பீக்கர்களை "லார்ஜ்" என்று அது போட்டிருந்தால் "ஸ்மால்" ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே இருக்கிற கனமான ஒலியைச் சப்வூஃபர் சுமக்கும், ரிசீவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

அன்றைக்கு இரவே எனக்கு ஒரு போன் வரும். "அண்ணே, வால்யூம் மைனஸ் 35 என்று காட்டுது, கெட்டுப்போச்சா?" கெடவில்லை. பல ரிசீவர்களில் 0 என்றால் சினிமா அரங்கு அளவு, அதன்படி அளவெடுத்திருந்தால் உச்சத்தில் 105 டெசிபல் போகும், வீட்டில் யாரும் அங்கே போகத் தேவையில்லை. அதற்குக் கீழே எவ்வளவு இருக்கிறீர்கள் என்பதுதான் அந்த மைனஸ். பிடிக்கவில்லை என்றால் மெனுவில் 0-இலிருந்து ஏறுகிற சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மைனஸ் 28-ஐத் தாண்டினால் பக்கத்து வீட்டு ஆயா சுவரைத் தட்டிவிடுவார்.